மூன்றாம் விளாட் டிராகுலா

மூன்றாம் விளாட் அல்லது விளாட் டிராகுலா (பிறப்பு: 1428க்கும் 1431க்கும் இடையில், இறப்பு: 1476 இறுதி அல்லது 1477 தொடக்கம்) என்பவர் இன்றைய ருமேனியாவின் தென்பகுதியில் இருந்த வலாக்கியா நாட்டை மூன்று முறை ஆண்ட இளவரசர் ஆவார். பகைவர்களைக் கழுவேற்றிக் கொன்றமையால், இறந்த பின்னர் ருமேனிய மொழியில் கழுவேற்றுபவர் எனப் பொருள்படும் பட்டப்பெயரையும் பெற்றார். அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட டிராகுலா என்னும் திகில் புதினத்தின் இரத்தக் காட்டேரி இவரது பெயரையே தாங்கியுள்ளது. எனினும் இவர் காலத்து ஆவணங்கள் எவையும் இவரைக் காட்டேரி எனக் கூறவில்லை.

பெயர்க் காரணம்

இவரது தந்தை இரண்டாம் விளாட், கிறித்தவ அரசர்கள் உதுமானியருக்கு எதிராக ஒன்றுகூடிய டிராகன் அமைப்பில் 1431 இல் சேர்க்கப்பட்டார். இதனால் அவர் டிராகுல் என அழைக்கப்பட்டார். டிராகுலா என்பதற்கு டிராகுலின் மகன் என்பது பொருள். இன்றைய ருமேனிய மொழியில் டிராக் என்னும் சொல் பிசாசைக் குறிக்கும்.

இளமைக் காலம்

வலாக்கியா, வடக்கே அங்கேரிக்கும் தெற்கே உதுமானியப் பேரரசுக்கும் இடையில் சிக்கிய சிறிய நாடு. அதன் அரசர்கள் இரு தரப்பையும் அனுசரித்தே ஆள வேண்டியிருந்தது. தந்தையின் விசுவாசத்துக்கு உறுதியாக, 1442 முதல் விளாட்டும் அவரது தம்பி ராடுவும் சுல்தான் இரண்டாம் முராட்டிடம் பிணையாக வைக்கப்பட்டனர். 1447 இல் அங்கேரியின் ஆட்சிப் பொறுப்பாளர் ஜான் உன்யாடி வலாக்கியா மீது படையெடுத்தபோது தந்தையும் அண்ணன் மிர்சியாவும் கொல்லப்பட்டனர்.

ஆட்சி

1448 இல் உதுமானியர் உதவியுடன் அரியணையைக் கைப்பற்றிய விளாட், இரண்டு மாதங்களுக்குள் அதை இழந்தார். 1456 இல் அங்கேரியின் ஆதரவுடன் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். உள்நாட்டுப் பிரபுக்களின் சூழ்ச்சிகளைக் கடுமையாக ஒடுக்கினார். அரியணைக்குப் போட்டியிட்டவர்களுக்கு அடைக்கலம் தந்த திரான்சில்வேனிய சாக்சன் ஜெர்மானியர்களின் ஊர்களைச் சூறையாடினார், பலரைக் கழுவேற்றினார். புக்கரெஸ்ட் நகரின் பெயர் முதன்முதலாகக் காணப்படும் ஆவணம், 1459 இல் இவர் வெளியிட்டதாகும்.

சுல்தான் இரண்டாம் முகமதுவுக்குத் திறை செலுத்த மறுத்து, 1461-62 குளிர்காலத்தில் தன்யூப் ஆற்றைக் கடந்து தாக்கினார். 23,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக அங்கேரி மன்னர் மத்தியாசுக்கு அவரே கடிதம் எழுதினார். 1462 கோடையில் சுல்தான் பெரும் படையுடன் வந்தார். விளாட் பயிர்களை எரித்துக் கிணறுகளில் நஞ்சிட்டுப் பின்வாங்கினார். சூன் 17 இரவில் சுல்தானைக் கொல்லும் நோக்குடன் அவரது பாசறையைத் தாக்கினார். ஆனால் முயற்சி பலிக்கவில்லை. தலைநகர் தர்கோவிஷ்டேயை நெருங்கிய உதுமானியப் படை, ஆயிரக்கணக்கான உடல்கள் கழுமரங்களில் நிற்கக் கண்டதாகக் கிரேக்க வரலாற்றாளர் கால்கோகொண்டைலிஸ் எழுதியுள்ளார். இருப்பினும் பிரபுக்கள் பலர் ராடுவின் பக்கம் சாய, விளாட் நாட்டை இழந்தார்.

சிறையும் இறப்பும்

உதவி நாடிச் சென்ற விளாட்டை, சுல்தானுடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டார் எனக் குற்றஞ்சாட்டி மத்தியாஸ் 1462 இல் சிறைப்படுத்தினார். சான்றாகக் காட்டப்பட்ட கடிதங்கள் போலியானவை என வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். 1475 இல் விடுதலையான இவர், 1476 நவம்பரில் மூன்றாம் முறையாக அரியணை ஏறி, சில வாரங்களுக்குள் போரில் கொல்லப்பட்டார். இவரது தலை சுல்தானுக்கு அனுப்பப்பட்டது. உடல் ஸ்னாகோவ் மடத்தில் புதைக்கப்பட்டதாக மரபு கூறுகிறது. ஆனால் 1930களில் அக்கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தில் தோண்டியபோது விலங்கு எலும்புகளே கிடைத்தன.

வரலாறும் கற்பனையும்

விளாட்டின் கொடுமைகளை விவரிக்கும் ஜெர்மன் கதைகள், அவர் சிறையிலிருந்தபோதே பரவத் தொடங்கின. 1488 முதல் அவை அச்சு நூல்களாகவும் வெளிவந்தன. இவரால் பாதிக்கப்பட்ட சாக்சன் ஊர்களின் பகையும், சிறைவைப்பை நியாயப்படுத்தும் மத்தியாசின் தேவையும் அவற்றுக்குத் துணைநின்றன. அதே காலத்து ரசியக் கதைகளோ இவரைக் கொடியவராயினும் திருட்டையும் ஊழலையும் ஒழித்த நீதிமானாகக் காட்டுகின்றன. எனவே கழுவேற்றம் உண்மையாயினும், இக்கதைகளின் எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க இயலாது.

ஸ்டோக்கர் 1890 இல் விட்பி நகர நூலகத்தில், வலாக்கியா பற்றி வில்லியம் வில்கின்சன் எழுதிய நூலில் டிராகுலா என்னும் பெயரைக் கண்டார். அந்நூலின் அடிக்குறிப்பு, இச்சொல் பிசாசைக் குறிக்கும் என்றது. அவரது எஞ்சியுள்ள குறிப்புகளில் விளாட் என்ற பெயரோ கழுவேற்றமோ இல்லை. புதினத்தின் கோட்டை அமைந்துள்ள திரான்சில்வேனியாவும் விளாட் ஆண்ட நாடு அன்று. வரலாற்று விளாட்டையே காட்டேரியாக்கிய புதினங்கள் பின்னர் எழுந்தன. எலிசபெத் கொஸ்டோவா 2005 இல் எழுதிய தி ஹிஸ்டாரியன், உதுமானியப் போர்களையும் பனிப்போர்க் கால ஐரோப்பாவையும் இணைத்து, சாகாத விளாட்டின் கல்லறையைத் தேடும் வரலாற்றாளர்களின் கதையைக் கூறுகிறது. ருமேனியாவிலோ இவர் நாட்டின் உரிமைக்காகப் போரிட்ட வீரராக மதிக்கப்படுகிறார்; 1976 இல் இவரது 500ஆவது நினைவு ஆண்டு அங்கு அரசால் கொண்டாடப்பட்டது.