ஒலாஸ் மாக்னஸ்

ஒலாஸ் மாக்னஸ் (அக்டோபர் 1490 - ஆகஸ்ட் 1, 1557) சுவீடன் நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கப் பேராயரும் நிலப்பட வரைவாளரும் நூலாசிரியரும் ஆவார். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளிடையே தீவுகளைப் பற்றி வழங்கிய நம்பிக்கைகளைத் தொகுத்து அச்சில் வெளியிட்டவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

வாழ்க்கை

சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் பிறந்த இவர், ஜெர்மனியில் உயர்கல்வி பயின்றார். 1518-1519 ஆம் ஆண்டுகளில் திருச்சபைப் பணிக்காக ஸ்காண்டிநேவியாவின் வடபகுதிகளில் பயணம் செய்தார். அங்கு கண்டவையும் கேட்டவையும் பின்னாளில் இவரது படைப்புகளுக்கு உதவின.

மன்னர் குஸ்தாவ் வாசாவின் தூதராக இவர் வெளிநாடு சென்றிருந்த காலத்தில் சுவீடன் லூத்தரன் சமயத்தின் பக்கம் திரும்பியது. கத்தோலிக்க நெறியைக் கைவிட மறுத்ததால் இவரது சொத்துகள் 1530 இல் பறிமுதல் செய்யப்பட்டன. உப்சாலாப் பேராயரான இவரது அண்ணன் யொகான்னஸ் மாக்னசும் நாட்டைவிட்டு வெளியேறினார். சகோதரர் இருவரும் டான்சிக் நகரிலும் பின்னர் இத்தாலியிலும் வாழ்ந்தனர். 1544 இல் அண்ணன் இறந்தபின் ஒலாஸ் உப்சாலாப் பேராயராக நியமிக்கப்பட்டார். எனினும் அப்பதவியை ஏற்க அவர் தாயகம் திரும்ப இயலவில்லை. ரோம் நகரிலேயே காலமானார்.

படைப்புகள்

இவர் 12 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கார்ட்டா மரீனா என்னும் நிலப்படம் 1539 இல் வெனிஸ் நகரில் வெளியானது. இது ஒன்பது தாள்களாக அச்சிடப்பட்டது. 22 பகுதிகளைக் கொண்ட இவரது வடபுல மக்களின் வரலாறு என்னும் இலத்தீன் நூல் 1555 இல் ரோமில் வெளிவந்தது.

தீவுகள் பற்றிய நம்பிக்கைகள்

கார்ட்டா மரீனாவில், திமிங்கிலம் ஒன்றைத் தீவெனக் கருதி அதன் முதுகில் மாலுமிகள் தீ மூட்டும் காட்சி உள்ளது. இவரது நூல் இதனை விளக்குகிறது. மணற்பரப்பைப் போல் தோன்றும் அதன் தோலில் மாலுமிகள் இறங்கி, முளை அறைந்து கப்பலைக் கட்டிச் சமைப்பர். வெப்பத்தை உணர்ந்ததும் திமிங்கிலம் நீரில் மூழ்க, அவர்களும் மூழ்குவர். இக்கதை மிகப் பழமையானது. ஐஸ்லாந்தின் ஓர்வர்-ஓட் சாகாவிலும், புதர்ச்செடிகள் படர்ந்த தீவாகத் தோன்றும் கடல்விலங்கு இடம்பெறுகிறது.

சுவீடனின் கால்மார் நீரிணையில் உள்ள யுங்ஃப்ரூன் தீவைப் பற்றியும் இவர் எழுதியுள்ளார். புயலுக்கு அஞ்சி அங்கு ஒதுங்கும் மாலுமிகள், கையுறை, பட்டுக்கச்சை போன்ற சிறு பரிசுகளைக் கன்னிப்பெண்களுக்கு அளிப்பது வழக்கம். இத்தீவு, சூனியக்காரிகள் கூடும் புளோகுல்லா என்றும் நம்பப்பட்டது. கடலில் அப்பெயரைச் சொல்வது தீங்கு தரும் என அஞ்சியோர், கன்னி எனப் பொருள்படும் யுங்ஃப்ரூன் என்னும் பெயரையே வழங்கினர். 1926 இல் இத்தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இவ்விரு செய்திகளிலும் தீவு புகலிடமாகவும் ஆபத்தாகவும் ஒருங்கே விளங்குகிறது. கரை காணாது களைத்த மாலுமிக்கு அது கடலில் கிட்டும் ஓய்விடம். ஆயினும் அது அவனுக்கு உரிய நிலமன்று. பணிவின்றி அதில் கால்வைப்போர் அழிவர் என்னும் எச்சரிக்கையை இக்கதைகள் உணர்த்துகின்றன.

நிலப்படம் மீண்டும் கிடைத்தல்

நெடுங்காலம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கார்ட்டா மரீனாவின் ஒரு படி, 1886 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கண்டெடுக்கப்பட்டது. 1961 இல் சுவிட்சர்லாந்தில் கிடைத்த மற்றொரு படியை, 1962 இல் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகம் வாங்கியது. பேராயராகியும் ஒலாஸ் திரும்ப இயலாத நகருக்கு அவரது நிலப்படம் இவ்வாறு வந்து சேர்ந்தது.