நங்கூரச் சின்னம் அணிந்த நாயகர்

கல்லூரியின் என்.சி.சி. கடற்பிரிவில் நானும் ஒரு மாணவன். சீருடையில் தைக்கப்படும் சின்னங்களின் மீது எங்களுக்கெல்லாம் தனி மோகம் உண்டு. அவை உண்மையில் எதைக் குறிக்கின்றன என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் அயர்லாந்து நாட்டு மாலுமி டாம் கிரீன்.

பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கும் சாதாரண மாலுமிகளுக்கும் இடையே பாலமாக நின்றவர்கள், மாலுமிகளிலிருந்தே உயர்ந்து வந்த பெட்டி ஆபீசர்கள். ஒன்றையொன்று குறுக்கிட்ட இரு நங்கூரங்கள், அவற்றின் மேல் பிரிட்டிஷ் கிரீடம். இடது கையில் இருந்த இச்சின்னமே முதல் வகுப்பு பெட்டி ஆபீசரின் அடையாளம். ஆணையிடுபவர் அதிகாரி, அதை நிறைவேற்றிக் காட்டும் பொறுப்பு இச்சின்னம் அணிந்தவருடையது.

கிரீன் 1877ஆம் ஆண்டு கெர்ரி மாவட்டத்து அன்னஸ்கால் என்ற சிற்றூருக்கு அருகே உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1893இல் சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்து, ஆறாண்டுகளில் இரண்டாம் வகுப்பு பெட்டி ஆபீசரானார். ஆனால் 1901 டிசம்பரில் ஒழுங்கு மீறலுக்காகப் பதவி இறக்கப்பட்டுச் சாதாரண மாலுமியானார். சின்னம் பறிபோயிற்று. அவர் மனம் சோரவில்லை. அப்போது தென்துருவப் பயணத்திற்காக நியூசிலாந்துக்கு வந்திருந்த ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ கப்பலிலிருந்து ஒரு மாலுமி ஓடிவிட, அந்த இடத்திற்குத் தாமாகவே முன்வந்தார். பனிப்பாலையில் அவர் உழைத்த உழைப்பைக் கண்ட ஸ்காட் பரிந்துரைக்க, 1904இல் முதல் வகுப்பு பெட்டி ஆபீசராக உயர்ந்தார்.

ஸ்காட்டின் அடுத்த பயணத்தில், 1912 ஜனவரியில், துருவத்தை நெருங்கிய நிலையில் கிரீன் உள்ளிட்ட மூவர் திருப்பி அனுப்பப்பட்டனர். வழியில் துணைத் தலைவர் எட்வர்டு எவான்ஸ் ஸ்கர்வி நோயால் வீழ்ந்தார். பிப்ரவரி 18 அன்று அவரைத் தோழர் லாஷ்லியின் காவலில் விட்டுவிட்டு, கிரீன் தன்னந்தனியாகப் புறப்பட்டார். கூடாரம் இல்லை, கையில் மூன்று பிஸ்கட்டுகளும் இரண்டு சாக்லேட் துண்டுகளும்தான். 35 மைல் தூரத்தைச் சுமார் 18 மணி நேரத்தில் கடந்து செய்தியைச் சேர்த்தார். சற்று நேரத்தில் பனிப்புயல் வீசத் தொடங்கியது. எவான்ஸ் உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் அட்மிரலாகவும் உயர்ந்தார். கிரீனுக்கும் லாஷ்லிக்கும் 1913இல் மன்னர் ஆல்பர்ட் பதக்கம் அணிவித்தார். கிரீன் தலைமைப் பெட்டி ஆபீசரானார்.

ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியபின், 1916இல் சிறு படகொன்றில் ஏறத்தாழ 800 கடல் மைல் கடந்து உதவி தேடிச் சென்ற அறுவரில் அவரும் ஒருவர். தீவில் காத்திருந்த 22 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

1920இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, அயர்லாந்து விடுதலைப் போரில் எரிந்துகொண்டிருந்தது. கையில் பெருமையோடு தாங்கிய அதே கிரீடம், சொந்த மண்ணில் பகைவரின் சின்னமாகிவிட்டது. காவல் துறையில் பணியாற்றிய அவருடைய அண்ணன் கொர்னீலியஸ் அவ்வாண்டு ஏப்ரலில் கொல்லப்பட்டார். கிரீன் பதக்கங்களை எடுத்து வைத்துவிட்டார். ‘சவுத் போல் இன்’ என்ற மதுக்கடையை நடத்தி அமைதியாக வாழ்ந்தார். தம் சாகசங்களைப் பற்றிப் பேட்டி எதுவும் அளிக்கவில்லை. 1938 ஜூலை 27 அன்று குடல்வால் வெடித்து மறைந்தார்.

2003இல் அன்னஸ்காலில் அவருக்குச் சிலை எழுந்தது. 2022இல் அயர்லாந்தின் ஆய்வுக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

மாணவ நண்பர்களே! சின்னத்தை அரசு வழங்கும், அரசே பறிக்கும், காலம் மாறினால் அதை மறைத்து வைக்கவும் நேரும். கிரீனுக்கு இம்மூன்றும் நேர்ந்தன. ஆனால் நோயுற்ற தோழருக்காக அன்று அவர் நடந்த 35 மைலை எவராலும் பறிக்க இயலவில்லை. சின்னத்திற்கு ஆசைப்படுவதில் தவறில்லை. அதற்குரிய நடையை முதலில் நடப்போம்.