சி.ஆர். தாஸ்: அமைச்சர்களின் சம்பளத்தில் கைவைத்த வக்கீல்

கொல்கத்தாவின் பெஹாலாவில் மெட்ரோ ஏறி மாஜேர்ஹாட்டில் இறங்கினால் பக்கத்தில்தான் அலிப்பூர். சித்தரஞ்சன் தாஸ் என்ற பாரிஸ்டரை நாடறியச் செய்த வழக்கு, இங்குள்ள நீதிமன்றத்தில்தான் நடந்தது. 1908-ல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அரவிந்தர். அவருக்காக தாஸ் மாதக்கணக்கில் வாதாடினார். 1909 மே மாதம் அரவிந்தர் விடுதலையானார். அடுத்த ஆண்டே புதுச்சேரிக்கு வந்துவிட்டார். மற்ற கதை நமக்குத் தெரியும்.

தாஸ் அப்போது கடனில் இருந்தவர். அவரும் அப்பாவும் 1906-ல் திவாலானதாக அறிவிக்கப்பட்டிருந்தார்கள். அதன்பின் அந்தக் கடன்களைச் சட்டப்படி கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வருமானம் பெருகியதும், 1913-ல் மொத்தத்தையும் அடைத்தார். இப்படி நிமிர்ந்த தொழிலைத்தான், காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக அப்படியே விட்டார். 1921 டிசம்பரில் ஜெயிலுக்கும் போனார்.

சட்டசபைக்கு ஏன் போனார்?

வெளியே வந்தவர் சொன்னது காங்கிரஸையே இரண்டாக்கியது. சட்டசபையைப் புறக்கணிக்காமல், உள்ளே போய் முடக்குவோம் என்றார். 1922 டிசம்பரில் கயா மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஆனாலும் அங்கே அவர் யோசனை தோற்றது. எதிர் அணியை வழிநடத்தியவர் ராஜாஜி, அவரும் தொழிலை விட்ட வக்கீல்தான். (அதே ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானது தனிக்கதை.) தாஸ் தலைவர் பதவியை விட்டுவிட்டு, மோதிலால் நேருவுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார்.

1923 தேர்தலில் வங்காள சட்டசபையில் அவர் கட்சிதான் பெரியது. ஆளுநர் லிட்டன் ஆட்சியமைக்க அழைத்தார், தாஸ் மறுத்தார். அப்போது இருந்தது இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம் போன்ற துறைகள் இந்திய அமைச்சர்களிடம். போலீஸும் நிதியும் ஆளுநர் தரப்பிடம். நாற்காலி உண்டு, சாவி கிடையாது. இதை மேடையில் பேசுவதைவிட வாக்கெடுப்பில் காட்டலாம் என்பது வக்கீல் புத்தி. 1924-ல் அமைச்சர்களின் சம்பளமே நூலிழை வித்தியாசத்தில் நிராகரிக்கப்பட்டது.

அதற்கான ஓட்டு எங்கிருந்து வந்தது? முஸ்லிம் உறுப்பினர்கள் இல்லாமல் முடிந்திருக்காது. சுயராஜ்யம் வந்தால் அரசு வேலைகளில் 55 சதவீதம் முஸ்லிம்களுக்கு என்று 1923-லேயே அவர்களுடன் ஒப்பந்தம் போட்டிருந்தார். பெரும்பான்மையினர் அவர்கள், அரசு வேலையிலோ குறைவு. இந்து பத்ரலோக் வட்டாரம் கொதித்தது. காக்கிநாடா காங்கிரஸும் ஏற்கவில்லை. என் பார்வையில், அவர் எடுத்த ரிஸ்க்குகளிலேயே பெரியது இதுதான்.

1924-ல் கல்கத்தா மாநகராட்சியின் மேயரானார். தலைமை நிர்வாக அதிகாரியாக 27 வயது சுபாஷ் சந்திர போஸை நியமித்தார். அக்டோபரில், விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த ஒரு அவசரச் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. போஸும் உள்ளே போனார்.

அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலான மசோதா 1925 ஜனவரியில் சபைக்கு வந்தபோது தாஸ் படுத்த படுக்கை. எழுந்து நடக்க முடியாதவரைத் தூக்கித்தான் கொண்டு வந்தார்கள். மசோதா தோற்றது. ஆனால் ஆளுநர் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைச் சட்டமாக்கிவிட்டார். சபையில் ஜெயித்தும் ஒன்றும் மாறவில்லை. தாஸ் நிரூபிக்க நினைத்தது அதைத்தானே!

அதே ஆண்டு ஜூன் 16-ல் டார்ஜிலிங்கில் இறந்தார், வயது 54. கல்கத்தாவில் இறுதி ஊர்வலத்தின் முன்னால் நடந்தவர் காந்தி. தானமாகக் கொடுத்திருந்த வீடு பெண்களுக்கான மருத்துவமனையானது. முஸ்லிம்களோடு போட்ட ஒப்பந்தத்தை, அடுத்த ஆண்டே கிருஷ்ணநகர் மாநாட்டில் அவருடைய ஆட்களே ரத்து செய்தார்கள்.