ஒன்பது குண்டுகள் பாய்ந்த வீரர்



நமது நீலகிரியில் பல்லாண்டு வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்ட பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் பெயரைக் கேளாதவர் நம்மில் இல்லை. 1971-ம் ஆண்டு யுத்தத்தில் வெற்றி கண்ட தளபதி என்றே அவரை நினைக்கிறோம். அதற்கு 29 ஆண்டுகள் முன்னரே அவர் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர் என்பதைப் பலர் அறியார்.

1914 ஏப்ரல் 3-ந் தேதி அமிர்தசரஸில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். தாமும் வைத்தியராகவே மகன் விரும்பினார். அது கைகூடாமற்போகவே, 1932-ல் டேராடூனில் தொடங்கிய ராணுவக் கழகத்தின் முதல் வகுப்பில் சேர்ந்தார்.

1942 பிப்ரவரி 22-ந் தேதி, பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே ஒரு குன்றைப் பிடிக்கத் தம் கம்பெனியை நடத்திச் சென்றபோது, ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் ஒன்பது அவர் உடலில் பாய்ந்தன. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் யாவும் சேதமாயின. இனிப் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய ஜெனரல் கோவன், தம் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பட்டயத்தையே கழற்றி அவருக்குச் சூட்டினார். இறந்தவருக்கு அவ்விருது அளிக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

அவரைக் காப்பாற்றியவர் சேர்சிங் என்ற சாதாரணச் சிப்பாய். தம் அதிகாரியைச் சுமந்து வைத்தியரிடம் சேர்த்தார். இவருக்குச் சிகிச்சை வீண் என்று வைத்தியர் கைவிட்டபோதும் அவர் விடவில்லை என்பர். குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனை இங்கே நாம் நினையாதிருக்க முடியாது.

தேறியெழுந்த மானெக்‌ஷா மறு ஆண்டே குவெட்டா ஸ்டாப் கல்லூரியில் பயின்று, பின்னர் மீண்டும் பர்மா போர்முனைக்கே சென்றார். 1959-ல் நமது வெலிங்டன் ஸ்டாப் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். 1969-ல் தரைப்படைத் தளபதியானார். 1973-ல் நாட்டின் முதல் பீல்டு மார்ஷல் பட்டம் பெற்று, குன்னூரில் ஸ்டாவ்கா என்ற இல்லத்தில் குடியேறினார்.

பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பதே இல்லை. ஆயுள் முழுவதும் சம்பளம் உண்டு. ஆயினும் அவருக்குச் சேரவேண்டிய நிலுவை 2007-ல்தான் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 2008 ஜூன் 27-ந் தேதி, 94-ம் வயதில், வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் நிமோனியா நோயால் காலமானார். உதகை பார்சி கல்லறையில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நாடறிந்த தளபதிக்கே இத்தனை தாமதம் என்றால், பெயர் தெரியாத சிப்பாயின் நிலை என்ன? வெலிங்டன் பாசறையே, நோயுற்ற பட்டாளத்தார் இம்மலைக் காற்றில் தேறட்டும் என்று 1850-களில் எழும்பியதுதான். இன்றும் நம் தெருக்களிலும் எஸ்டேட்களிலும் முன்னாள் படைவீரர் பலர் உள்ளனர். பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமானவர் உண்டு. பனிமலைக் காவலில் விரல் இழந்தவர் உண்டு. நடுராத்திரியில் அலறி எழுபவரும் உண்டு. குடிகாரர், முன்கோபி என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒருவரின் உள்ளத்தில் ஆறாத காயம் இருக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மெடிக்கல் போர்டு காகிதங்களையும் பத்திரமாக வையுங்கள். பணியினால் வந்த ஊனத்துக்கும் நோய்க்கும் ஊன ஓய்வூதியம் உண்டு. மனநோயும் இதில் சேரும். அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம். ஓய்வூதியம் பெறும் முன்னாள் வீரருக்கும் அவர் மனைவிக்கும் 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் வைத்தியம் கிடைக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர், உதகையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். படித்த வாலிபர்கள் அவர்களுடன் துணைக்குப் போய்வாருங்கள்.

மானெக்‌ஷாக்கள் சிலரே பிறப்பர். சேர்சிங்காக இருக்க நம்மில் யாராலும் முடியும்.