மண்வெட்டி ஏந்திய சமாதானத் தூதர்

தலைவன் என்றால் யார் என்று சென்ற ஆண்டு என்னை எவரேனும் கேட்டிருந்தால், முன்னே நின்று ஆணையிடுபவன் என்று தயங்காமல் விடை சொல்லியிருப்பேன். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமுக்கு மாணவர் தலைவனாக என்னைத் தேர்ந்தெடுத்தபோது, எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். கழுத்தில் விசில், கையில் வருகைப் பதிவேடு. ஐம்பது மாணவர்கள் வெயிலில் மண் வெட்டினார்கள். நான் வேப்பமர நிழலில் நின்று வேலை வாங்கினேன்.

ஊரையும் காலனியையும் இணைக்கும் வண்டிப்பாதையை மேடாக்கிச் செப்பனிடுவது எங்கள் பணி. ஏழு நாள் முகாம். நான்காம் நாள் மாலை, களைத்துப்போன எங்கள் மாணவர் சிலர் காலனி வீடொன்றின் திண்ணையில் அமர்ந்து, அந்த வீட்டு அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும், நாங்கள் தங்கியிருந்த பள்ளி வாசலில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து நின்றார்கள். செய்த வேலை போதும், புறப்படலாம் என்றார்கள். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தலைவனாகிய நான் வாய் திறக்கவில்லை. பாதை பாதியில் நின்றது. திரும்பி வந்த பேருந்தில் எவரும் பாடவில்லை.

இந்த வருத்தத்தை ஒருநாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்ட அவர், உலகத் தொண்டர் முகாம்களின் வரலாறே பாதியில் கலைந்த ஒரு முகாமிலிருந்துதான் தொடங்குகிறது என்றும், பியர் செரெசோல் என்பவரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்குமாறும் கூறினார். படித்தேன். படித்ததில் என் நெஞ்சில் நின்றவற்றை ஆசிரியப் பெருமக்களோடும் தோழர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பியர் செரெசோல் 1879ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் பிறந்தார். எளிய குடும்பமன்று. அவர் தந்தை பால் செரெசோல் 1873ஆம் ஆண்டில் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பியர், சூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்று முனைவர் பட்டமும் பெற்றார். விரும்பியிருந்தால் பதவியும் பணமும் அவர் வாசலில் வந்து காத்திருந்திருக்கும்.

ஆனால் அவர் உள்ளம் வேறொன்றை நாடியது. முப்பது வயதில் கடல் கடந்து அமெரிக்கா சென்றார், அங்கிருந்து ஹவாய்த் தீவுகள், பின்னர் ஜப்பான். ஐந்தாண்டுக் காலம் அயல்நாடுகளில் திரிந்தார். உடலுழைப்பு வேலைகளும் செய்தார், பொறியாளராகவும் பணியாற்றினார். நிலமும் மொழியும் நிறமும் மாறினாலும், உழைத்துக் களைத்த மனிதனின் முகம் எங்கும் ஒன்றே என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பித்ததில்லை. அந்தப் பயணம் கற்பித்தது. அயல்நாட்டுப் பயணம் என்றால் விமானமும் விருந்தும் என்று நினைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

1914இல் அவர் தாயகம் திரும்பிய வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. தந்தை வழியில் வந்த செல்வம் தாம் உழைத்து ஈட்டியதன்று என்று கருதி, அதை நாட்டரசிடமே ஒப்படைத்தார். சுவிட்சர்லாந்து போரில் கலந்துகொள்ளாத நாடு. எனினும் அங்கே ஆடவர் அனைவருக்கும் படைப்பணி கட்டாயம். அப்பணி ஆற்றாதோர் அதற்கு ஈடாக ஒரு வரி கட்டவேண்டும். அந்த வரியைக் கட்ட செரெசோல் மறுத்தார். குடியரசுத் தலைவராய் இருந்தவரின் மகன் சிறைக்குச் சென்றார். அவர் வாழ்நாளில் அது முதற் சிறை, இறுதிச் சிறையன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர் வேண்டாம் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்பவனைப் பார்த்து உலகம் ஒரு கேள்வி கேட்கும்: நாட்டுக்காக உயிரையும் கொடுக்கச் சித்தமாய் இருக்கிறானே படைவீரன், நீ எதைக் கொடுப்பாய்? இக்கேள்வி நியாயமானது என்பதைச் செரெசோல் ஒப்புக்கொண்டார். படைவீரனின் கட்டுப்பாடு, தோழமை, தன்னையே ஈயும் துணிவு ஆகியவை அவருக்கு வெறுப்பானவையல்ல. அக்குணங்கள் அழிவுக்குப் பயன்படுவதுதான் அவரை வருத்தியது. துப்பாக்கியின் இடத்தில் மண்வெட்டியை வைத்தால் என்ன? அவர் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு வினாவுக்கே விடை தேடினார் எனலாம்.

போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் பில்த்தோவன் என்னும் சிற்றூரில், பகை நாடுகளாய் இருந்தவற்றின் சமாதான விரும்பிகள் கூடினார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அங்கே கூட்டம். உரைகள் பல நிகழ்ந்தன. அப்போது ஒரு ஜெர்மானியர் எழுந்தார். போரில் தம் சகோதரர் பிரான்சு நாட்டில் அழிவு வேலையில் ஈடுபட்டதைச் சொல்லி, அங்கே சென்று கட்டித் தரும் வேலையைத் தாம் செய்ய விரும்புவதாகக் கூறினார். பேச்சுகளால் சலித்திருந்த செரெசோலுக்கு இதுவே வழிகாட்டியது.

1920ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரான்சில் வெர்டன் நகருக்கு அருகேயுள்ள எஸ்ன் என்னும் கிராமத்திற்குச் செரெசோலும் ஆங்கிலேயரான ஹியூபர்ட் பாரிசும் தொண்டர் சிலரும் போய்ச் சேர்ந்தனர். வெர்டன் எத்தகைய இடம் என்பதை வரலாறு படிப்போர் அறிவர். 1916இல் பத்துத் திங்கள் நடந்த அப்போரில் இரு தரப்பிலும் சுமார் 3 லட்சம் பேர் மாண்டனர். எஸ்ன் கிராமத்தில் வீடென்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வயல்கள் எல்லாம் குண்டுக் குழிகள். குழிகளில் முள்கம்பியும் வெடிக்காத குண்டுகளும்.

தொண்டர்களுள் சுவிட்சர்லாந்தினர், ஆங்கிலேயர், ஆலந்து நாட்டினரோடு ஜெர்மானியர் மூவரும் இருந்தனர். எந்த மண்ணைத் தம் நாட்டவர் சிதைத்தார்களோ, அதே மண்ணைச் சமன் செய்ய வந்தவர்கள் அவர்கள். குளிர்காலம் முழுவதும் உழைத்தார்கள். வீடிழந்தோர்க்குத் தற்காலிகக் குடில்கள் எழுப்பினார்கள், குழிகளை நிரப்பினார்கள், பாதைகளைச் செப்பனிட்டார்கள். கூலி இல்லை. எளிய உணவும் படுக்க இடமுமே கைம்மாறு.

பின் நடந்தது என்ன? ஜெர்மானியர் கைபட்ட உதவி வேண்டாம் என்ற எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகளின் ஆதரவும் கிட்டவில்லை. சுமார் ஐந்து திங்களில், 1921இன் வசந்த காலத்தில், முகாம் கலைந்தது. வேலை பாதியில் நின்றது.

நூலகத்தில் அமர்ந்து இப்பகுதியைப் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. அங்கே ஜெர்மானியன் கைபட்ட மண். இங்கே காலனியில் குடித்த தேநீர். பெயர்தான் வேறு, நோய் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. நான் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய் முகாமை மறக்க முயன்றேன். செரெசோல் மறக்கவில்லை.

மூன்றாண்டுகள் காத்திருந்தார். 1924இல் சுவிட்சர்லாந்தின் வேர்-லெக்லீஸ் என்ற மலைக்கிராமத்தைப் பனிச்சரிவு தாக்கியது. செரெசோல் மீண்டும் தொண்டர்களைத் திரட்டினார். இம்முகாமை நடத்தும் பொறுப்பு யாரிடம் தரப்பட்டது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். அவர் உடன்பிறந்த எர்னெஸ்ட் செரெசோல் சுவிஸ் இராணுவத்தில் கர்னல்! தம்பி படைப்பணிக்கு ஈடான வரியை மறுத்துச் சிறை சென்றவர், அண்ணன் படையதிகாரி. கொள்கையில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் பலரை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும் ஆற்றல் அண்ணனிடம் உண்டென்பதைத் தம்பி அறிந்திருந்தார். தம்மிடம் இல்லாத திறனைத் தம்மோடு மாறுபடுபவரிடம் கண்டு, பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டு, தாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். எத்தனை தலைவர்களால் இது முடியும்?

அதன்பின் முகாம்கள் வளர்ந்தன. 1927ஆம் ஆண்டு செப்டம்பரில் ரைன் ஆறு கரையுடைத்து, லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடியது. 1928இல் அதைச் சீர்செய்ய 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து முறைவைத்து வந்தனர். மாணவன், தொழிலாளி, ஆசிரியன், அலுவலன் என்ற வேற்றுமையின்றி ஒரே தண்டவாளத்தில் மண்வண்டி தள்ளினார்கள். பெண்கள் சமையலும் துணி வெளுத்தலும் ஏற்று முகாமைத் தாங்கினர். அவர்களைச் சகோதரிகள் என்றே அழைத்தார்கள். 1931இல் தெற்கு வேல்சுப் பகுதியின் பிரின்மாவர் ஊரில், வேலையிழந்து வாடிய மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். இவ்வாறு வளர்ந்ததே சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்னும் பன்னாட்டுத் தொண்டு இயக்கம். பேச்சைக் குறைத்துச் செயலைப் பெருக்குவதே அதன் நெறி.

செரெசோலின் வாழ்வு நம் நாட்டோடும் பிணைந்தது. 1931 டிசம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பிய காந்தியடிகள், அறிஞர் ரொமேன் ரோலண்டின் விருந்தினராகச் சுவிட்சர்லாந்தில் சில நாள் தங்கினார். அவ்வேளையில் அடிகளைச் சந்தித்தவர்களுள் செரெசோலும் ஒருவர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரை மாபெரும் நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாயின. பல கிராமங்களில் நிலம் தாழ்ந்தும் மணல் மூடியும் போனதால், வெள்ளம் வந்தால் அங்கே குடியிருக்க இயலாத நிலை.

செய்தி கேட்ட செரெசோல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54. பிற்காலத்தில் நம் முதல் குடியரசுத் தலைவரான இராஜேந்திர பிரசாத் அன்று பீகார் துயர்துடைப்புப் பணியை முன்னின்று நடத்தினார். அவரோடு இணைந்து, மேட்டு நிலங்களில் புதிய கிராமங்களை அமைக்கும் வேலையைச் செரெசோலும் ஐரோப்பியத் தோழர் சிலரும் மேற்கொண்டனர். 1934 முதல் 1937 வரை மீண்டும் மீண்டும் வந்து உழைத்தார். இந்தியா அன்று ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. வெள்ளைக்காரர் என்றால் குதிரைமேல் வரும் துரை என்றே அறிந்திருந்த காலத்தில், வெள்ளைக்காரர் ஒருவர் கிராமத்தாரோடு நின்று மண் வேலை செய்தார். உதவி என்பது மேலிருந்து கீழே போடுவதன்று. அருகில் நின்று தோள் கொடுப்பது என்பதை இதைவிட எப்படி விளக்க முடியும்?

இரண்டாம் உலகப் போரிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. போரை நிறுத்துமாறு ஜெர்மானியரிடம் நேரில் எடுத்துரைக்க எண்ணி, அறுபதைக் கடந்த வயதில், அனுமதியின்றி எல்லை தாண்டி இட்லரின் நாட்டுக்குள் நடந்தார். 1942இல் ஒருமுறை; 1944இல் மறுமுறை. பிடிபட்டார், திருப்பி அனுப்பப்பட்டார், சொந்த நாட்டில் சிறையிருந்தார். இச்செயல் அறிவுடைமையா என்று கேட்போர் உண்டு. போரை அது ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் தாம் நம்பியதைச் சொல்லத் தம் கால்களையே அனுப்பியவர் அவர். உடல் தளர்ந்த அவர், போர் ஓய்ந்த அதே ஆண்டில், 1945 அக்டோபர் 23ஆம் நாள் மறைந்தார்.

படைப்பணிக்கு மாற்றாகக் குடிமைப்பணி வேண்டும் என்பது அவர் தம் நாட்டிடம் கேட்டது. சுவிட்சர்லாந்தில் அது நடைமுறைக்கு வந்தது 1996ஆம் ஆண்டு. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. நம் நாட்டிலும் காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. நாம் முகாமில் மண்வெட்டியைத் தொடும்போது, உலகெங்கும் அவ்வாறே தொட்ட எண்ணற்ற இளைஞர் வரிசையில் நாமும் ஒருவராகிறோம்.

தோழர்களே, இவ்வாழ்க்கையில் நான் கற்ற பாடங்கள் மூன்று. தலைவன் முதலில் வேலை செய்பவன். தன்னோடு மாறுபடுபவனின் திறனையும் மதித்துப் பயன்படுத்துபவன். ஒரு முகாம் கலைந்தால் அடுத்த முகாமைப் பற்றி எண்ணுபவன்.

பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஆறு பேர், ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். விசில் கொண்டு போகவில்லை. முதல் மண்வெட்டியை நான் எடுத்தேன். அரை மணியில் உள்ளங்கை கொப்பளித்தது. அன்று பள்ளி வாசலில் வந்து நின்ற பெரியவர்கள் டீக்கடைப் பலகையில் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. காலனி இளைஞர்கள் எங்களோடு சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகல், ஊர்த்தெருப் பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு மண்கூடையோடு வந்து, எதுவும் பேசாமல் வரிசையில் நின்றான். மாலையில் அதே திண்ணையில் தேநீர் வந்தபோது, அவன் சற்றுத் தயங்கினான். பிறகு கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

பாதை இன்னும் முடியவில்லை. ஏறத்தாழ நூறடி பாக்கி இருக்கிறது. இவ்வாண்டும் அங்கே போகிறோம். வர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம். மண்வெட்டிகள் நம் கல்லூரியிலேயே இருக்கின்றன.