ராமன் கண்ட ஒளி

ஸர் சந்திரசேகர வேங்கட ராமன் காலஞ்சென்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர் கண்ட நுண்ணிய உண்மையொன்று இன்று மானிட சருமத்தைக் கத்தியின்றிச் சோதிக்கும் கருவியாக வளர்ந்திருக்கிறது. கடலின் நீலத்தைப் பற்றிய கேள்விக்கும் நோயாளியின் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர் அவரது ஜீவிய சரித்திரத்தை ஊன்றி நோக்குவாராக.

ராமன் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். பிள்ளைப் பிராயம் விசாகப்பட்டினத்தில் கழிந்தது. சென்னை ராஜதானிக் கலாசாலையில் 1904-ல் பி.ஏ. பட்டமும், 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மாணவராயிருக்கையிலேயே, 1906-ல், ஒளியைப் பற்றிய அவரது கட்டுரை இங்கிலாந்தின் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆயினும் விஞ்ஞானத்தை நம்பி ஓர் இந்தியன் ஜீவிக்க அக்காலத்தில் வழி ஏது? பரீட்சை எழுதித் தேறி, ஸர்க்கார் கணக்கு இலாகாவில் அதிகாரியாகி, கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

அந்நகரின் பௌபஜார் வீதியில், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் இருந்தது. கச்சேரிக்குப் போகுமுன்பும் திரும்பிய பின்பும் ராமன் அங்கே உழைத்தார். 1917-ல், ஸர் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, கல்கத்தா ஸர்வகலாசாலையின் பாலித் ஆசிரியரானார். சம்பளம் முன்னதில் ஏறக்குறையப் பாதி. அன்னிய நாட்டில் பயிற்சி பெறவேண்டுமென்ற நிபந்தனைக்கு அவர் இணங்கவில்லை, நிபந்தனையே தளர்ந்தது.

1921-ல் கப்பலிலிருந்து கண்ட மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அது வானத்தின் பிரதிபிம்பமே என்ற கொள்கையை அவர் ஒப்பவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டி, பின்னர் பல திரவங்களைச் சோதித்தார். வத்றாப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28-ந் தேதி உண்மை வெளிப்பட்டது. ஒரே நிற ஒளியைப் பொருளினுள் செலுத்தினால், சிதறி வருவதில் மிகமிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. மாறும் அளவு அந்தந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஆகையால் அது பொருளின் கைரேகை போன்றது. 1930-ல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய டைரக்டரானார். 1948-ல் அந்நகரிலேயே சொந்த ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1970 நவம்பர் 21-ந் தேதி மறைந்தார்.

1960-ல் லேஸர் பிறந்த பின் அவர் கண்ட ஒளிக்குப் புதுவலிமை உண்டாயிற்று. சருமத்தின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் ஒளிக்கருவிகள் உருவத்தையே காட்டும். அங்கே நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று சொல்லமாட்டா. ராமன் ஒளி அவற்றைச் சொல்லும். ஆனால் அது மிக மங்கலாதலால், அகன்ற பரப்பை அதனால் துருவுவதற்கு வெகுநேரம் செல்லும். எனவே படம் இடத்தைக் காட்ட, ராமன் ஒளி அவ்விடத்துப் பொருளை உரைக்குமாறு இரண்டையும் இணைத்தனர். உயிருள்ள மனிதரின் தோலில் ஊசியும் படாமல் இவ்விணைப்பு கைகூடியதை 2003-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் வெளியிட்டனர். மேல்தோலின் ஈரம் ஆழத்திற்கேற்ப மாறுவதை இம்முறையால் அளக்கலாம். புற்றுநோய்க்கு இன்றும் தோலின் சிறு துண்டை வெட்டிச் சோதிப்பதே முடிவான தீர்ப்பு. ஆயினும் எங்கே வெட்டவேண்டும், எங்கே வேண்டாம் என்று ஒளி முன்கூட்டிச் சொல்லுமானால், எத்தனை பேருக்கு வீண் காயம் மிஞ்சும்!

1928-ல் இதனால் என்ன லாபம் என்று எவரேனும் கணக்குக் கேட்டிருந்தால், ராமனிடம் இந்த விடை இருந்திராது. பயன் கனியப் பல்லாண்டுகள் சென்றன. அது கனிந்தபோதோ, லேஸரை அமெரிக்காவும் சருமக் கருவியை ஐரோப்பாவும் படைத்தன. விதை நம்முடையது, விளைவின் பெரும்பங்கு பிறர் களஞ்சியத்தில் சேர்ந்தது. 1987 முதல் பிப்ரவரி 28-ஐத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். மாலையும் பிரசங்கமும் போதுமா? அறிவு தாகம் கொண்ட இளைஞன் வயிற்றுக்காகக் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போகாதபடி சோதனைச்சாலையையும் சம்பளத்தையும் பொறுமையையும் அளிப்பதே தேசம் ராமனுக்குச் செலுத்த வேண்டிய கடன்.