காற்றை அடைத்த கால்நடை டாக்டர்

ஜான் பாய்டு டன்லப் (1840 – 1921)

இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வயதில் பெரியவர்களிடம் டன்லப் என்று சொல்லிப் பாருங்கள். 1959இல் அம்பத்தூரில் தொடங்கி, பின்னாளில் மூடப்பட்ட டயர் ஃபாக்டரியைப் பற்றித்தான் பேசுவார்கள். சைக்கிள் புத்தகத்தில் தேடினால் டன்லப் வால்வு என்று ஒரு படம் இருக்கும். ஆனால் டன்லப் என்பது ஒரு மனிதரின் பெயர். அந்த ஃபாக்டரி வருவதற்கு 38 வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார். அந்த வால்வை அவர் செய்யவும் இல்லை. இன்னொரு ஆச்சரியம், அவர் இன்ஜினியரே இல்லை!

ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்ற ஊரில் 1840 பிப்ரவரி 5ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டன்லப். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867இல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பெரிய அளவில் தொழில் நடத்தினார். அந்தக் காலத்தில் ஊர் ஓடியதே குதிரையால்தான். ஆகவே குதிரை டாக்டருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வைத்தியத்துக்காக ரப்பரில் சில கருவிகளைத் தானே செய்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. ரப்பரை வெட்டவும் ஒட்டவும் கை பழகியிருந்தது என்பதை மனசில் வையுங்கள்.

1887. டன்லப்புக்கு 47 வயது. மகன் ஜானிக்கு 9 வயது. அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. டயர் கட்டி ரப்பர். பெல்ஃபாஸ்ட் தெருவெல்லாம் கல் பாவியது. பையன் வண்டி ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். அப்பா யோசித்தார். ஒரு மரத் தட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டைக் குழாயாக ஒட்டி, தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். ஃபுட்பாலுக்குக் காத்து அடிக்கிற பம்பால் காத்து அடித்து, வாயைக் கட்டிவிட்டார். அவ்வளவுதான்!

பிறகு வீட்டு முற்றத்தில் ஒரு சோதனை செய்தார். மகன் வண்டியின் பழைய சக்கரத்தை உருட்டிவிட்டார். அது பாதியிலேயே தள்ளாடி விழுந்தது. காற்றுத் தட்டை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, கேட்டில் மோதித் திரும்பியது. இதற்குக் காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. கட்டி ரப்பர் சக்கரம் ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினால், வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். அந்தச் சக்தி வீண். காற்று டயரிலோ கல் பட்ட இடம் மட்டும் உள்ளே அமுங்கி, கல் தாண்டியதும் மீண்டுவிடும். சக்தியின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. டன்லப் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நமக்கு இதுதான் பிடித்த வழி!

1888இல் பேடண்ட் கிடைத்தது. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் ஒரு சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்பவர் டன்லப் டயர் போட்ட சைக்கிளில் வந்தார். தடித்த டயரைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவர் ஜெயித்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். தோற்றவர்களில் ஹார்வி டு க்ரோஸ் என்ற வியாபாரியின் பிள்ளைகளும் உண்டு. அந்த அப்பா கெட்டிக்காரர். அதே வருஷம் டப்ளினில் கம்பெனி தொடங்கிவிட்டார். டன்லப் தன் பேடண்ட்டைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பணமும் சிறு பங்கும் வாங்கிக்கொண்டார்.

1890இல் இடி விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காற்று டயருக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். டன்லப்பின் பேடண்ட் செல்லாது! டன்லப் காப்பி அடித்தவர் என்று இதை வைத்துச் சிலர் பேசுவதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாம்சன் தன் டயரைக் குதிரை வண்டிக்குத்தான் போட்டார். செலவு அதிகம் என்பதால் அது எடுபடவில்லை. நாற்பது வருஷத்தில் உலகமே அதை மறந்துவிட்டது. டன்லப் மறுபடியும் கண்டுபிடித்த நேரத்தில் தெருவெல்லாம் சைக்கிள் வந்திருந்தது.

இனி கம்பெனி பிழைக்க வேண்டுமானால் வேறு பேடண்ட் வேண்டும். முதல் டயர்களை ரிம்மோடு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிரிப்பதே பெரும்பாடு. வெல்ச், பார்ட்லெட் இருவரும் டயரைக் கழற்றி மாட்டும் முறைகளைக் கண்டுபிடித்தார்கள். வுட்ஸ் என்பவர் வால்வைச் செய்தார். இவற்றின் உரிமைகளையெல்லாம் கம்பெனி வாங்கியது. டன்லப் வால்வு என்று நாம் சொல்வது உண்மையில் வுட்ஸ் வால்வு.

என் அப்பா பூந்தமல்லியில் பஞ்சர் ஒட்டுகிறவர். வுட்ஸ் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த வால்வின் சூட்சுமம் அவருக்கு விரல் நுனியில் இருக்கிறது. அதில் வால்டியூப் என்ற சிறு ரப்பர் உறை உண்டு. பம்பு காற்று அந்த ரப்பரை விரித்துக்கொண்டு உள்ளே போகும். பம்பை எடுத்ததும் உள்காற்றே ரப்பரை அழுத்தி ஓட்டையை மூடிவிடும். ரப்பர் வெடித்தால் காத்து இறங்கும். புது வால்டியூப் போட்டால் சரியாகிவிடும். டியூபை மாற்றச் சொல்லாமல் முதலில் வால்டியூபைப் பார்க்கிற கடைக்காரர் நல்லவர் என்று நம்பலாம்!

பட்டன் டயர் போட்ட மவுண்டன் பைக் வாங்கியிருக்கும் நண்பர்கள் கவனிக்க. அதில் பெரும்பாலும் மோட்டார் பைக்கில் இருக்கும் ஷ்ரேடர் வால்வுதான் இருக்கும். 1890களில் நியூயார்க்கில் ஷ்ரேடர் கம்பெனி செய்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசி இருக்கும். பெட்ரோல் பங்கிலேயே காத்து அடிக்கலாம், கேஜ் வைத்து அளக்கலாம். வுட்ஸ் வால்வில் அளக்க முடியாது, ரப்பர் உறை காற்றைத் திரும்ப விடாது. மூன்றாவது, விலை கூடிய வண்டிகளில் வரும் ஒல்லியான பிரெஞ்சு வால்வு, ப்ரெஸ்டா. நுனியிலுள்ள குட்டி நட்டைத் தளர்த்திய பிறகே காத்து ஏறும்.

டியூப் வாங்குமுன் ரிம் ஓட்டையைப் பாருங்கள். ஷ்ரேடருக்கு சுமார் 8 மி.மீ., ப்ரெஸ்டாவுக்கு சுமார் 6 மி.மீ. பெரிய ஓட்டையில் ஒல்லி வால்வைப் போட்டால் ஆடி ஆடி அடியில் கிழியும். ஒல்லி ரிம்மைத் துளையிட்டுப் பெரிதாக்கினால் ரிம் பலம் போகும். அளவையும் டயரின் பக்கவாட்டில் படித்துச் சொல்லுங்கள். 26 x 1.95 வேறு, 26 x 1 3/8 வேறு. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முன்னதற்கு 559 மி.மீ., பின்னதற்கு 590 மி.மீ. ஒடுக்கமான டியூபை அகல டயரில் போட்டால் அது இழுபட்டு மெலிந்து, முள் குத்தக் காத்திருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் இரண்டு தடவை செலவு.

டன்லப் கதைக்கு வருவோம். கம்பெனியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1895இல் விலகிவிட்டார். அடுத்த வருஷமே கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறி, பொதுமக்களுக்கு 50 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. அந்தப் பெரிய லாபம் எதுவும் டன்லப்பைச் சேரவில்லை. டப்ளினில் ஒரு ஜவுளி வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். தாடி வைத்த அவர் முகமோ டயர் விளம்பரங்களில் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. 1921 அக்டோபர் 23ஆம் தேதி, 81ஆம் வயதில் டப்ளின் வீட்டில் காலமானார். காற்று டயர் பிறந்த கதையை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அது புத்தகமாக வந்தது.